முதலில் சீட்டு, பிறகு ஃபீஸ்

என் மகள் ஜெனி சிவப்பு ஸ்கெட்ச் பேனாவின் மூடியைப் பல்லால் கடித்து இழுத்தபோது அவள் என்ன செய்யப்போகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் சார்ட்டைச் சுருட்டிப் பீரோவுக்குள் வைத்திருப்பேன்.

ஆவணி மாதத்து ஞாயிறு அது. ஆராதனை முடிந்து வந்திருந்தோம். கறிக்குழம்பு அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. செங்கல்பட்டில் எங்கள் வீட்டுக் கூடத்தின் தரை முழுவதையும் அடைத்துக்கொண்டு அந்த வெள்ளை சார்ட் கிடந்தது. நாலு மூலையிலும் நாலு டம்ளர் வைத்திருந்தேன், ஃபேன் காற்றில் பறக்காமல் இருக்க.

அதில் இருபத்திரண்டு அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள். பெயர் கறுப்பில், ஊர் நீலத்தில், தரவரிசை பச்சையில். அளவுகோல் வைத்துக் கோடு போட்டது நான். மூன்று வாரத்து மாலை வேலை அது. எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது, ஒன்றைத் தவிர. 'கட்-ஆஃப்' என்று தலைப்பிட்ட கட்டம் மட்டும் இருபத்திரண்டு வரிசையிலும் காலியாகக் கிடந்தது. எங்கே தேடியும் அந்த எண் கிடைக்கவில்லை.

"கட்-ஆஃப்னு ஒண்ணு கிடையாதும்மா அங்க" என்றாள் ஜெனி.

கட்-ஆஃப் இல்லாமல் ஒரு கல்லூரி எப்படி ஆள் எடுக்கும் என்று கேட்டேன். மார்க்கைப் பார்ப்பார்கள், கட்டுரையைப் படிப்பார்கள், நாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று கேட்பார்கள், பிறகு அவர்களே உட்கார்ந்து முடிவு செய்வார்கள் என்றாள். எனக்கு அது சரியாகப் படவில்லை.

பிறகுதான் அந்தச் சிவப்புப் பேனா. முதல் வரிசையில் இருந்த பெரிய பெயரின் மேல் ஒரு கோடு. அடுத்து மூன்றாவது. அடுத்து நான்கும் ஐந்தும் ஒரே இழுப்பில். இரவு வேலை முடிந்து தூங்கி எழுந்த என் கணவர் தேவராஜ் வாசல்படியில் நின்று பார்த்துவிட்டு, "இன்னா ஜெனி, அமெரிக்காவையே அடிச்சிட்ட?" என்றார்.

"இதெல்லாம் வெளிநாட்டுப் பசங்களுக்குப் பணம் தராதுங்க, நைனா. பேரு பெருசு, நமக்கு இன்னாத்துக்கு?"

பத்து நிமிடத்தில் இருபத்திரண்டு ஏழாயிற்று.

மூன்று வகை

அன்று அவள் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். வாசகர்களில் யாருக்காவது பயன்படலாம்.

முதல் வகை, வெளிநாட்டுப் பிள்ளை உதவி கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஒன்றாகவே பார்ப்பவை. விரல்விட்டு எண்ணலாம். உலகமே அந்த வாசலில் நிற்கிறது.

இரண்டாவது வகை, கேட்டால் இடம் கிடைப்பது கடினமாகும். ஏனென்றால் அவர்களிடம் வெளிநாட்டாருக்கென்று ஓர் அளவுதான் பணம் இருக்கிறது. ஆனால் எடுத்துக்கொண்டுவிட்டால், குடும்பத்தால் முடியாத தொகை முழுவதையும் அவர்களே ஏற்பார்கள். இவற்றில் பல, நாம் பெயர்கூடக் கேள்விப்படாத சிறிய கல்லூரிகள்.

மூன்றாவது வகைதான் சிவப்புக் கோடு வாங்கியவை. சேர்த்துக்கொள்வார்கள், பணம் மட்டும் நாம் கட்ட வேண்டும். நான்கு வருடத்துக்கு அவர்கள் கேட்பது எங்கள் வீட்டை இரண்டு முறை விற்றாலும் வராது.

நான் போட்ட தரவரிசைக்கும் இந்த மூன்று வகைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சார்ட்டைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் புதிதாக எழுதினோம். முதல் கட்டம், 'கேட்டால் தருவார்களா?' கடைசிக் கட்டம், ஜெனி அடம்பிடித்துச் சேர்த்தது, 'கடலிலிருந்து எவ்வளவு தூரம்?'

சாய்ஸ் லிஸ்ட் அக்கா

என் பிடிவாதத்துக்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

நான் அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் அலுவலக உதவியாளர். அச்சரப்பாக்கத்துப் பக்கம் பிறந்தவள். என் அப்பா அம்மா அடுத்தவர் நிலத்தில் நடவு நட்டுக் களை எடுத்தவர்கள். நான்தான் எங்கள் தெருவில் முதல் பட்டதாரி. அந்தக் காலத்தில் எந்தக் கல்லூரியை முதலில் எழுத வேண்டும், எதைக் கடைசியில் எழுத வேண்டும் என்று சொல்ல எனக்கு ஆள் இல்லை. அவசரத்தில் தப்பாக எழுதி, கிடைத்திருக்க வேண்டியது கிடைக்காமல் போனது.

அதனால்தானோ என்னவோ, வேலைக்கு வந்த நாளிலிருந்து பொறியியல் கவுன்சிலிங் என்றால் எனக்கு ஒரு வெறி. ரிசல்ட் வந்த வாரம் எங்கள் வீட்டு வாசலில் செருப்புக் குவியும். மார்க்கைச் சொன்னால் போதும், முந்தைய வருடங்களின் கட்-ஆஃப் எடுத்து, எந்தக் கல்லூரியை எந்த இடத்தில் போட வேண்டும் என்று வரிசை எழுதிக் கொடுப்பேன். சாய்ஸ் லிஸ்ட் அக்கா என்றால் பஸ் ஸ்டாண்டிலேயே வழி சொல்வார்கள். என் வரிசையில் போய் யாரும் ஏமாந்ததில்லை.

பயந்து வரும் பெற்றோருக்கு நான் எப்போதும் சொல்வது ஒன்றுதான். முதலில் சீட்டைப் பிடியுங்கள், ஃபீஸை அப்புறம் பார்க்கலாம். அது வெறும் ஆறுதல் வார்த்தை இல்லை. நம்மூரில் நடைமுறையே அதுதான். சீட்டு கையில் வந்த பிறகு முதல் பட்டதாரிச் சான்றிதழ் இருக்கிறது, சாதிச் சான்றிதழ் இருக்கிறது, உதவித்தொகை இருக்கிறது, வங்கிக் கடன் இருக்கிறது. ஒதுக்கீட்டு ஆணையைக் காட்டாமல் எந்த வங்கியில் கடன் கேட்க முடியும்?

இருபது வருடம் சொன்ன வார்த்தை நாக்கில் மட்டும் தங்காது போலிருக்கிறது.

உப்பு அளந்தவள்

ஜெனி படிக்க நினைத்தது கடலை. மருத்துவமோ கம்ப்யூட்டரோ அவள் வாயில் வரவே இல்லை. காரணம் அவள் அப்பாதான். அவர் நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் ஷிப்ட் ஆபரேட்டர். சிறுமியாக இருந்தபோது அவர் சட்டையை முகர்ந்து பார்த்து, "நைனா, இன்னிக்கு உப்பு ஜாஸ்தியா?" என்று கேட்பாள். ஒன்பதாம் வகுப்பில் பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக ஒரு சிறிய உப்புமானி வாங்கிக் கொடுத்தோம். கண்காட்சி முடிந்தது, அளப்பது முடியவில்லை.

அவருக்கு விடுப்பு வரும் நாளெல்லாம் பைக்கில் இருவரும் மாமல்லபுரம் பக்கம் போய்விடுவார்கள். அங்கே ஒரு குப்பத்தில் செல்வம் என்று அவர் நண்பர், மீன்பிடிப்பவர். அலை தாண்டும் வரை படகில் கூட்டிப் போவார். மழைக்கு முன்பும் பின்பும், கரையிலும் ஆழத்திலும் உப்பு எவ்வளவு என்று ஜெனி எழுதி வந்த நோட்டு மூன்று. கட்டம் போட்டுக் கொடுத்தது மட்டும் நான்.

அமெரிக்காக் கதையைக் கேட்டதும் செல்வத்துக்கு வந்த சந்தேகம், உண்மையில் எனக்கும் இருந்த சந்தேகம்.

"இன்னா தேவராஜூ, படிப்பும் சொல்லிக் குட்த்து, சோறும் போட்டு, துட்டும் குடுப்பானா? அவனுக்கு இதுல இன்னா வருது?"

"அவங்களுக்கு எல்லா ஊர்லேர்ந்தும் ஆளுங்க வேணும், அண்ணாத்த" என்றாளாம் ஜெனி. "ஒரே மாதிரி மீனே வலையில வந்தா உனக்கு மட்டும் சந்தோசமா?"

செல்வம் சிரித்துவிட்டு, ஒரே மாதிரி வஞ்சிரமா வந்தா எனக்கு சந்தோசம்தான் என்றாராம். இதைச் சொல்லிச் சொல்லி என் கணவர் ஒரு வாரம் சிரித்தார்.

ஒரு டிக்

ஏழு கல்லூரிகளில் ஒன்றின் மேல் அவளுக்குக் கண். இரண்டாவது வகை. கடலோரம். சொந்தமாக ஆராய்ச்சிப் படகு வைத்திருக்கிறார்கள். அந்தப் படகின் படத்தைப் பரீட்சை அட்டையில் ஒட்டி வைத்திருந்தாள்.

ஒரே ஒரு கல்லூரிக்கு மட்டும் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம் என்று ஓர் ஏற்பாடு உண்டு. எடுத்துக்கொண்டால் அங்கேதான் சேருவேன் என்று பிள்ளையும் பெற்றோரும் பள்ளியும் கையெழுத்திட்டுத் தர வேண்டும். பதிலுக்கு, வாய்ப்பு கொஞ்சம் கூடும். ஜெனி அந்த ஒன்றைக் கடலோரக் கல்லூரிக்கே கொடுத்தாள்.

அவள் படித்ததும் எங்கள் பள்ளிதான் என்பதால் மதிப்பெண் சான்றுக்கு முத்திரை வைக்கும் வேலை என் மேசைக்கே வந்தது. என் பிள்ளையின் தாளில் நானே முத்திரை வைப்பது முறையில்லை என்று தலைமை ஆசிரியை அறைக்குக் கொண்டுபோய், மற்றப் பெற்றோரைப் போல வெளியே பெஞ்சில் காத்திருந்தேன். அவ்வளவு கவனமாக இருந்தேன். அதனால்தான் அடுத்தது இன்னும் உறுத்துகிறது.

ஐப்பசியில் ஒரு மாலை. கட்டுரைகளையெல்லாம் முடித்துவிட்ட ஜெனி, முகவரி, பள்ளி விவரம், பெற்றோர் விவரம் ஆகிய பக்கங்களை என்னிடம் விட்டாள். அம்மா நிரப்பினால் தப்பு வராது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

ஒவ்வொன்றாக வந்தேன். ஒரு கேள்வி. நிதி உதவி கேட்கப் போகிறீர்களா? ஆம் என்று ஒரு வட்டம், இல்லை என்று ஒரு வட்டம்.

கேட்டால் வாய்ப்புக் குறையும் என்று என் கையாலேயே சார்ட்டில் எழுதியிருக்கிறேன். அப்புறம் எதற்கு இப்போதே கேட்க வேண்டும்? சீட்டு வரட்டும், பிறகு நம் நிலையை எடுத்துச் சொல்லுவோம், சம்பளச் சீட்டைக் காட்டுவோம். சீட்டைக் கொடுத்தவர்கள் நடுவழியில் விடுவார்களா? இல்லை என்ற வட்டத்தில் அழுத்தினேன். யாருக்கும் தோன்றாத ஒன்று எனக்குத் தோன்றிவிட்டது என்று சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஜெனி நான் நிரப்பிய பக்கங்களைத் திறந்து பார்க்கவில்லை. அனுப்பிவிட்டாள்.

மூன்றாம் நாள், பெற்றோர் முகவரி என்று நான் கொடுத்திருந்த என் மின்னஞ்சலுக்குக் கல்லூரியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அலுவலகத்தில் மதிய இடைவேளையில் போனில் படித்தேன். மிக மரியாதையான கடிதம். நீங்கள் நிதி உதவி கேட்கவில்லை என்பதால் வருமானச் சான்றுகள் எதுவும் அனுப்ப வேண்டாம். சேரும்போது உதவி கேட்காத வெளிநாட்டு மாணவர்கள், பின்னர் நான்கு வருடங்களிலும் கேட்க முடியாது என்பதை நினைவூட்டுகிறோம்.

அந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று தெரியவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே மூடினேன்.

மாமல்லபுரம் பஸ்

அன்று என் கணவருக்கு விடுப்பு. பாடம் நடக்கும்போது ஜெனியைக் கூப்பிட்டுச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பள்ளி விட்டதும் அவர் அவளைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விட்டார். வீடு திரும்பும் வரை என்னால் பொறுக்க முடியவில்லை, போனில் சொல்லவும் முடியவில்லை. அலுவலகம் முடியும் முன்பே அனுமதி வாங்கிக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினேன். மழை பெய்து ஓய்ந்திருந்தது. வழியெல்லாம் வயலில் தண்ணீர். ஜன்னல் கம்பி ஈரம் கையில் ஒட்டியது.

குப்பத்து மணலில் செல்வம் வலையிலிருந்து நண்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஜெனி உப்புமானியை நல்ல தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தாள். அலுவலகப் புடவையோடு மணலில் நடந்து வரும் என்னைப் பார்த்ததும் மூவரும் எழுந்துவிட்டார்கள். யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

நின்ற நிலையில் எல்லாவற்றையும் சொன்னேன். கடிதத்தையும் காட்டினேன்.

முதலில் பேசியது என் கணவர். "இருவது வருசமா ஊரு புள்ளைங்களுக்கெல்லாம் கரெக்டா போட்டுக் குட்த்துட்டு, சொந்த வூட்டுக்கு வரும்போது கோட்ட வுட்டுட்டியே எஸ்தரு."

ஜெனி உப்புமானியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். பெட்டியை மூடினாள். அவள் கத்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

நான் சொன்னேன், தேதி முடிய இன்னும் நாலு நாள் இருக்கிறது, மாற்றச் சொல்லிக் கேட்கலாம், ஆனால் மாற்றினால் வாய்ப்புக் குறையும், நீ யோசித்துச் சொல் என்று.

"யோசிக்க இன்னாம்மா கீது?" என்றாள். "கேக்காம கெடைக்கிற சீட்டு நம்ம சீட்டு இல்ல. வேற யாருதோ."

நான் எழுதிய கடிதம்

அன்று இரவே திருப்பி எழுதினோம். ஜெனி எழுதுகிறேன் என்றாள். தப்பு செய்தது நான், நானே எழுதுகிறேன் என்றேன். என் ஆங்கிலம் அலுவலக ஆங்கிலம். 'மேற்கண்ட பொருள் தொடர்பாக' என்று தொடங்கிவிட்டு அடித்தேன். பிறகு உள்ளபடி எழுதினேன். அந்தக் கேள்விக்குத் தவறான விடை தந்தது என் மகள் அல்ல, நான். எங்கள் மாநிலத்தில் முதலில் இடம் ஒதுக்குவார்கள், கட்டணத்துக்கான வழி பிறகு வரும். அந்தப் பழக்கத்தில் செய்துவிட்டேன். உங்கள் உதவி இல்லாமல் எங்களால் அவளைப் படிக்க வைக்க முடியாது. இதனால் அவள் வாய்ப்புக் குறையும் என்று தெரிந்தே கேட்கிறோம்.

ஜெனி இரண்டு சொற்களை மட்டும் திருத்தினாள்.

மறுநாள் காலை பதில் இருந்தது. மாற்றிவிட்டோம். உங்கள் ஊரின் நடைமுறையைச் சொன்னதற்கு நன்றி, இதே பிழையை மற்றவர்களும் செய்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. வருமானச் சான்றுகளை உடனே அனுப்புங்கள்.

அன்றைக்கு எனக்கு வந்த வேகம் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை. சம்பளச் சீட்டு, அவருடைய ஒப்பந்த ஆணை, வங்கிப் புத்தகம், வீட்டு வரி ரசீது, எல்லாம் வருடவாரியாக ஃபைலில் இருந்தது. ஜெராக்ஸ் கடைக்காரர் ஸ்கேன் செய்து முடித்ததும், "இன்னாக்கா, வூட்டையே அமெரிக்காவுக்கு அனுப்புறியா?" என்றார். ஒரு தாள்கூடத் தேட வேண்டியிருக்கவில்லை.

மார்கழியும் பங்குனியும்

மார்கழியில் கடலோரக் கல்லூரி முடியாது என்று எழுதிவிட்டது. நாலே வரி.

அட்டையில் ஒட்டியிருந்த படகை ஜெனி பிய்க்கவில்லை, அட்டையையே அலமாரியில் கவிழ்த்து வைத்தாள். இரண்டு நாள் கழித்து, அவள் துணி மடிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, நான் முதலில் போட்டபடியே விட்டிருந்தால் சீட்டு வந்திருக்குமோ என்று கேட்டேன்.

"வந்திருக்கலாம்மா. வராமலும் போயிருக்கலாம். வந்திருந்தா அதுதான் பேஜாரு. சீட்டக் கையில வெச்சிகினு ஏர்போர்ட் பக்கமே போவ முடியாம நின்னிருப்பேன்."

பிறகு மடித்த துணியை என் மடியில் வைத்துவிட்டு, மிச்சம் ஆறு இருக்கிறது, சார்ட்டை எடு என்றாள்.

ஆறுக்கும் அனுப்பினோம். அந்தக் கேள்வி வந்தபோதெல்லாம் என்னைக் கூப்பிட்டு, நான் பார்க்க, ஆம் என்ற வட்டத்தில் அவளே அழுத்தினாள். பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவில் நான் எதை எழுதினேன், எதைச் சமைத்தேன் என்றே அந்த மாதங்களில் நினைவில்லை. தபால்காரரைப் பார்த்தாலே வாசலுக்குப் போய் நின்றேன், பதில் தபாலில் வராது என்று தெரிந்தும்.

பங்குனியில் மூன்று கல்லூரிகள் முடியாது என்றன. இரண்டு, காத்திருப்போர் பட்டியல் என்றன. ஆறாவது, சார்ட்டில் கடைசியாக எழுதியது. 'கடலிலிருந்து எவ்வளவு தூரம்?' என்ற கட்டத்தில் நான் எழுதியிருந்த எண்ணைப் பார்த்துவிட்டு, இதை எடுத்துவிடலாமா என்று நானே ஒருமுறை கேட்டிருக்கிறேன். வேண்டாம் என்றாள்.

அதன் பதில் வந்த அன்று காலை, அவர் இரவு ஷிப்ட் முடிந்து வந்து வண்டியை நிறுத்தும்போது, ஜெனி போனைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். எடுத்துக்கொண்டார்கள் என்றாள். கத்தவில்லை. அவள் கத்தாததால் அவருக்கு நம்பிக்கை வரவில்லை, என்னைப் பார்த்தார்.

"அங்க கடல் கீதா?" என்றார்.

"இல்ல நைனா. ஏரி. நம்ம மாவட்டம் மாதிரி எத்தனையோ அதுக்குள்ள முழுவிடும். அக்கரை தெரியாது. அல கூட அடிக்கும்."

"உப்பு?"

"கெடையாது." கொஞ்சம் நிறுத்தினாள். "ஆனா குளிர்ல ரோட்டுல உப்பு கொட்டுவாங்களாம், ஐஸ் கரைய. அதெல்லாம் ஏரிக்குத்தான் போவுதாம். அத அளக்கிறதுக்குன்னே ஒரு வாத்தியாரு இருக்காரு அங்க. அதுக்குத்தான் இத அடிக்க வுடல."

எங்களிடம் இதை அவள் சொன்னதே இல்லை. இத்தனை மாதமாக மனத்துக்குள் வைத்திருந்திருக்கிறாள்.

நான் அவளிடமிருந்து போனை வாங்கினேன். வாழ்த்துக் கடிதத்தைத் தள்ளிவிட்டு நிதி உதவிப் பக்கத்துக்குப் போனேன். படிப்புக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, புத்தகம், வருடத்துக்கு ஒருமுறை வந்துபோக டிக்கெட். கல்லூரி ஏற்பது இவ்வளவு. குடும்பம் தர வேண்டியது இவ்வளவு. அந்தக் கடைசி எண், நாங்கள் எங்கள் படிவத்தில் முடியும் என்று எழுதிய தொகைக்குள் இருந்தது. கூட்டிப் பார்த்தேன். அடிக்குறிப்பைப் படித்தேன். ஒரு வருடத்துக்கு மட்டும்தானா என்று தேடினேன், நான்கு வருடம் என்று இருந்தது. மறுபடி மேலிருந்து வந்தேன். வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன் போலிருக்கிறது, தரை குளிர்ந்தது.

அவர் டிபன் பையைக்கூட இறக்கி வைக்காமல் என் தலைக்கு மேல் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னா எஸ்தரு, எங்கனா தப்பு கீதா?"

மூன்றாம் முறையும் படித்து முடித்தேன்.

"இல்லைங்க" என்றேன்.

"அப்ப நாஸ்தாவப் போடு. பசிக்குது."

எழுந்திருக்கத்தான் பார்த்தேன். கண் மறுபடி முதல் வரிக்குப் போய்விட்டது. ஜெனிதான் உள்ளே போய் மூன்று தட்டு எடுத்து வைத்தாள்.